கணினி புனேயில், திரை பழவங்காடியில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. 2015, 2016 வாக்கில் வாங்கி இன்றும் சளைக்காமல் ஓடும் கணினிகள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. திருவனந்தபுரம் பழவங்காடியில், ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கணபதி கோயிலைச் சுற்றியும் அங்கிருந்து சாலைக் கம்போளம் நீளும் வழியிலும் கடைகளுக்கு மேல்மாடியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் இது சின்னச் செலவல்ல. பத்துக் கணினிகளையும் ஒரேயடியாக மாற்றுவதா, கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டில் இரட்டிப்பு என்று நீட்டிப்புக் கட்டணம் கட்டுவதா? இந்த யோசனைக்கு நடுவில்தான் மூன்றாவது வழி ஒன்று விலைப்பட்டியலோடு வந்து நிற்கிறது. பழைய கணினியை வெறும் திரையாகவும் விசைப்பலகையாகவும் வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் 11 ஓடும் கணினியை எங்கள் தரவு மையத்தில் மாத வாடகைக்கு எடுங்கள் என்கிறது அது.

அமேசான் ஒர்க்ஸ்பேசஸ் 2014-இலும், இப்போது அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் எனப்படும் சேவை 2019-இலும், விண்டோஸ் 365 என்பது 2021-இலும் விற்பனைக்கு வந்தன. இவற்றை அடிப்படையாக வைத்துத் தங்கள் பெயரில் விற்பவர்களும் உண்டு. எல்லாருடைய பட்டியலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: இத்தனை செயலிக் கருக்கள், இத்தனை ஜிபி நினைவகம், இத்தனை ஜிபி வட்டு, மாதம் இவ்வளவு. அதில் உள்ள எண்கள் அனைத்தும் தொலைவில் இருக்கும் முனையைப் பற்றியவை. ஆனால் இந்தச் சேவை ஓர் அலுவலகத்துக்கு ஒத்துவருமா வராதா என்பது அந்த முனையில் முடிவாவதில்லை; மேசை இருக்கும் முனையில் முடிவாகிறது. மேசையிலிருந்து கிளம்பும் கம்பி, மேசையில் செருகியிருக்கும் கருவிகள், சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி, சேவையை விட்டு வெளியேறும் வழி ஆகியவற்றை அளந்து பார்க்காமல் ஜிபியை மட்டும் ஒப்பிடுபவர் நல்ல கணினியை வாங்கிவிட்டு மோசமான வேலைநாளைப் பெறுவார்.

கணினி ஓரிடத்தில், திரை வேறிடத்தில் என்ற ஏற்பாடு பழையது. 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் முனையங்கள் வழியே பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டியது. பழவங்காடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தம்பானூர் ரயில் நிலைய முன்பதிவுக் கவுன்ட்டரில் இருப்பதும் இதே வகைதான். நாட்டின் முன்பதிவுகளை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களின் கணினிகள் தாங்குகின்றன. 1999-இல் அவை முழுமையாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. கவுன்ட்டரில் உள்ளது சென்னையில் இருக்கும் கணினியின் ஒரு நுனி மட்டுமே. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் இன்று வாடகைக்கு வரும் மெய்நிகர் கணினிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ரயில்வே முனையத்துக்குச் சில நூறு எழுத்துகள் வந்தால் போதும், பெயர், வயது, இருக்கை எண் எல்லாம் அதில் அடங்கிவிடும். மெய்நிகர் கணினியில் கம்பி வழியே வரவேண்டியது முழுத் திரையின் படம்.

அந்தப் படத்தின் கனத்தைக் கணக்கிடுவது எளிது. சாதாரண முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட். ஒரு திரைக்கு ஏறத்தாழ 6.2 எம்பி, நொடிக்கு 30 முறை அனுப்பினால் ஏறக்குறைய 1.5 ஜிகாபிட். அலுவலகத்துக்கு வரும் பிராட்பேண்ட் இணைப்பில் இதை ஒருவருக்குக்கூட அனுப்ப முடியாது. எனவே தரவு மையத்தில் உள்ள மென்பொருள் திரையில் மாறிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதையும் சுருக்கி அனுப்புகிறது. கணக்கு எழுதும் திரையில் ஒரு நொடியில் மாறுவது ஓரிரு கட்டங்கள்தான் என்பதால், தேவை சில நூறு கிலோபிட்டாகக் குறைந்துவிடும். வீடியோ ஓடினால் மட்டுமே பல மெகாபிட் ஆகும். இந்தச் சுருக்கலில் ஒரு நுட்பம் இருக்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டை மந்தமாகவும் காண்கிறது. வீடியோச் சுருக்க முறைகள் அதனால் நிறத் தகவலில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகின்றன. சினிமாவுக்கு இது பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் இருக்கும் கழிவுத் தொகைக்குப் பொருந்தாது. எழுத்தின் ஓரம் கசிந்ததுபோல் தெரியும். எட்டு மணி நேரம் எண்களைப் பார்க்கிறவருக்குத் தலைவலி வர இது போதும். எழுத்துப் பகுதியை இழப்பின்றி அனுப்பும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு, ஆனால் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

எத்தனை மெகாபிட் என்ற கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் பிரச்சினை கம்பியின் அகலத்தைவிட அதன் நீளத்தில்தான் அதிகம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப, நூறு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் சென்னை சுமார் 620 கி.மீ., ஹைதராபாத் 1,000, புனே 1,150, மும்பை 1,250. சிங்கப்பூர் 3,000-க்குச் சற்று மேல். அமெரிக்காவின் வர்ஜீனியா 14,000. மைக்ரோசாப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் தரவு மையங்களைத் திறந்தன. ஆக, புனேயில் இருக்கும் கணினியோடு பேச இயற்கை விதிக்கும் குறைந்தபட்ச வரி 11 அல்லது 12 மில்லிநொடி. வர்ஜீனியாவோடு பேச 140. கம்பி நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் சற்று நிற்கிறது என்பதால் நடைமுறையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்காகும். இந்த வரியை எந்த விலை கொடுத்தும் குறைக்க முடியாது. இருமடங்கு நினைவகம் வாங்கினாலும் ஒளி வேகமாக ஓடாது.

இந்தத் தாமதத்தை மனிதன் எப்போது உணர்கிறான்? ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் மில்லர் 1968-இலேயே இதை ஆராய்ந்து, விசையை அழுத்துவதற்கும் எழுத்து தெரிவதற்கும் இடையில் 0.1 முதல் 0.2 நொடிக்கு மேல் போகக்கூடாது என்று எழுதினார். அஷூர் ஆவணங்களும் போய்த் திரும்பும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் சாதாரண வேலைக்குப் போதும் என்கின்றன. இது சற்றுத் தாராளமான அளவு என்பது என் கருத்து. ஏனென்றால் வலைப்பின்னலின் தாமதம் மட்டும் மொத்தத் தாமதமாகாது. திரையைச் சுருக்க அங்கே சில மில்லிநொடி, விரிக்க இங்கே, அதுவும் பத்தாண்டு பழைய கணினியில், இன்னும் சில. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை தன் முறை வரக் காத்திருக்க 16 வரை. டாலி என்ற கணக்கு மென்பொருளில் விசைப்பலகையை மட்டுமே நம்பி மளமளவென்று வவுச்சர் போடும் கைதேர்ந்த கணக்கருக்கு இந்தக் கூட்டுத்தொகை நூறைத் தாண்டினால் எரிச்சல் தொடங்கும். மாதத்துக்கு நாலு கடிதம் அடிப்பவருக்கு இருநூறும் தெரியாது. ஒரே அலுவலகத்தில் இருவருக்கும் ஒரே சேவை சரியாக அமையவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தாமதத்தைவிடக் கொடியது தாமதத்தின் தடுமாற்றம். எப்போதும் 60 மில்லிநொடி என்றால் கை அதற்குப் பழகிவிடும். ஒரு கணம் 25, மறுகணம் 180 என்றால் எந்தக் கையும் பழகாது. இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் புனேயில் பிறப்பதில்லை. பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாம் ஒரே அலைவரிசையில் நெரியும் ஒரு நெருக்கமான கடைத்தெருவில், அலுவலகத்தின் உள்ளேயே பிறக்கிறது. ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு சாதாரண லேன் கேபிள் இழுப்பது, மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து உயர்ந்த திட்டத்துக்கு மாறுவதைவிடப் பலமுறை அதிகப் பலன் தரும். அதேபோல் இந்தச் சேவைகள் படத்தை அனுப்ப யூடிபி என்ற முறையை விரும்புகின்றன. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் டிசிபி முறை அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவற்றையும் நிறுத்திவைக்கும். யூடிபியில் பழைய துண்டை விட்டுவிட்டுப் புதிய படத்தோடு நகரலாம். அலுவலக ஃபயர்வால் யூடிபியை அடைத்திருந்தால் சேவை சத்தமில்லாமல் டிசிபிக்கு மாறிக்கொள்ளும், சேவை மெதுவாக இருக்கிறது என்ற பழி மட்டும் மிஞ்சும்.

அடுத்து மேசைமேல் இருக்கும் பொருள்கள். வெளிநாட்டு மதிப்பீடுகளைப் படித்துவிட்டு முடிவெடுப்பவர்கள் இடறுவது இங்கேதான், ஏனென்றால் அந்த மதிப்பீடுகளில் மின்கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன் வருவதில்லை. இந்திய ஆடிட்டர் அலுவலகத்தில் பென்டிரைவ் போன்ற அந்தச் சின்னக் கருவி இல்லாமல் எதுவும் நடவாது. நிறுவனங்களின் ஜிஎஸ்டி தாக்கல், கம்பெனி விவகார அமைச்சகப் படிவங்கள், வருமான வரித் தணிக்கை அறிக்கை எல்லாவற்றுக்கும் மின்கையொப்பம் வேண்டும். கையொப்பத்தின் ரகசியச் சாவி டோக்கனுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். வெளியே எடுக்க முடியாது என்பதுதான் அதன் பாதுகாப்பே. கையொப்பமிடும்போது பிரவுசர், அதே கணினியில் பின்னணியில் ஓடும் எம்சைனர் போன்ற ஒரு துணை மென்பொருளை அழைக்கிறது. அது யூஎஸ்பியில் டோக்கனைத் தேடுகிறது. இப்போது பிரவுசர் புனேயில் ஓடுகிறது என்றால் துணை மென்பொருளும் புனேயில் ஓடும், டோக்கனையும் புனேயில்தான் தேடும். டோக்கனோ பழவங்காடியில் மேசைமேல் செருகியிருக்கிறது.

இதற்குத் தீர்வு இருக்கிறது. யூஎஸ்பி அல்லது ஸ்மார்ட் கார்டு திசைமாற்றம் என்ற வசதி, இங்கே செருகிய கருவியை அங்கே செருகியதுபோல் காட்டும். ஆனால் எல்லாச் சேவையிலும் எல்லா டோக்கனுக்கும் அது வேலை செய்யாது. வேலை செய்தாலும் தூரத்தின் வரி இங்கே பெருகும். ஒரு கையொப்பத்துக்குள் டோக்கனோடு சிறுசிறு கேள்வி பதில்கள் பல நடக்கின்றன, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஐம்பது பரிமாற்றம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிநொடி வீதம் இரண்டு நொடி. ஒரு படிவத்துக்கு இரண்டு நொடி பெரிதல்ல; கடைசித் தேதியன்று மாலை வரிசையாக நூறு படிவங்கள் என்றால் பெரிதுதான். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. எழுத்தாக அனுப்பினால் வேகமாக அடிக்கும் பிரிண்டருக்கு, திசைமாற்றத்தின் பொதுவான டிரைவர் பக்கத்தைப் படமாக்கி அனுப்பிவிடும். ஊசி ஒவ்வொரு வரியையும் படம் வரைந்துகொண்டிருக்கும். மலையாளமும் தமிழும் மாறிமாறி அடிக்கும் அலுவலகத்தில் விசைப்பலகைத் தேர்வு எந்த முனையில் மாறுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழும் கேள்வி, இத்தனை வேலையும் அங்கே போகத்தான் வேண்டுமா என்பது. ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் பிரவுசரில் நடப்பவை. பிரவுசர் பழைய கணினியில் ஒரு லினக்ஸ் போட்டாலும் ஓடும். கேரளப் பள்ளிகளின் கணினிக் கூடங்கள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகின்றன, ஆகவே அந்தத் திரையைக் கண்டு மிரளாத பிள்ளைகள் இந்த ஊரில் தாராளமாகக் கிடைப்பார்கள். விண்டோஸ் கட்டாயம் என்று நிற்பது டாலியும் இன்னும் ஓரிரு மென்பொருள்களும் மட்டுமே. அப்படியானால் முழு மெய்நிகர் கணினிக்கு வாடகை கொடுக்காமல், டாலியை மட்டும் ஒரு தொலைதூர சர்வரில் ஏற்றி அதன் சாளரத்தை மட்டும் இங்கே காட்டும் ஏற்பாடு பல சிறிய அலுவலகங்களுக்குப் போதும். டாலி நிறுவனமே அமேசான் தரவு மையத்தில் இயங்கும் வடிவம் ஒன்றை விற்கிறது. கையொப்பமும் அச்சும் இந்த முனையிலேயே இருந்துவிடும், மேலே சொன்ன தலைவலியில் பாதி மறையும். முழுக் கணினி யாருக்குத் தேவை என்றால், பல ஊர்களில் ஊழியர்களை வைத்திருப்பவர்களுக்கும், வாடிக்கையாளர் தரவு ஊழியரின் சொந்த லேப்டாப்பில் தங்கக்கூடாது என்று கட்டுப்பட்டவர்களுக்கும்தான். கழக்கூட்டம் டெக்னோபார்க் நிறுவனங்களுக்கு அந்த நிபந்தனை வெளிநாட்டு ஒப்பந்தத்திலேயே வரக்கூடும். பழவங்காடி வியாபாரிக்கு அநேகமாக வராது.

கட்டணத்துக்கு வருவோம். மாதம் முழுவதற்கும் 720 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி, 26 நாள் என்று உழைக்கும் அலுவலகம் பயன்படுத்துவது 260, நூற்றுக்கு 36. மீதி நேரத்துக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் மணிக்கட்டணம். ஆனால் அது எப்போதும் மலிவு என்று எண்ணிவிடக்கூடாது. கணக்குக்காக, நிரந்தர மாதக் கட்டணம் 2,400 ரூபாய் என்றும், மணிக்கட்டண முறையில் அடிப்படை 600-உம் மணிக்கு 10-உம் என்றும் கொள்வோம். 180 மணி நேரத்தில் இரண்டும் சமமாகும். முழுநேரக் கணக்கருக்கு 260 மணியில் 3,200 ஆகிவிடும், நிரந்தரமே லாபம். காலையில் வகுப்புக்குப் போய்விட்டு மாலையில் நாலு மணி நேரம் வந்துபோகும், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் மாணவருக்கு ஏறத்தாழ நூறு மணி, 1,600 ரூபாய். எனவே அலுவலகத்துக்கு ஒரு திட்டம் என்று தேர்ந்தெடுப்பதைவிட ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்ப்பதே கணக்கு. இன்னொன்று, சாளரத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போவது கணினியை நிறுத்துவதாகாது. தானாக நிற்கும்படி அமைத்திராவிட்டால் அங்கே மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற பிறகும் வட்டுக்கான வாடகை உண்டு.

பத்துப் பேர் ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இன்னும் மலிவு. விண்டோஸ் 11-ஐப் பலர் ஒரே நேரத்தில் பகிரும் உரிமத்தை மைக்ரோசாப்ட் பெரும்பாலும் தன் அஷூரோடு கட்டியே வைத்திருக்கிறது. இதன் தர்க்கம் நிகழ்தகவு. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் செயலியை உண்மையாக வேலை வாங்குகிறார்கள், அதுவும் ஒருவருக்கொருவர் தொடர்பின்றி என்றால், பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் ஒரே கணத்தில் கேட்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். நாலு கருக்கள் போதும் என்று விற்பனையாளர் சொல்வது சரியே. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் அந்தத் தொடர்பின்மை பொய். ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20, தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 என்று அரசே எல்லாரையும் ஒரே நாளில் ஓடவைக்கிறது. அன்று ஒவ்வொருவரும் பத்தில் ஏழு நிமிடம் செயலியைக் கேட்டால், நாலுக்கு மேல் ஒரே கணத்தில் கேட்கும் வாய்ப்பு மூன்றிலிருந்து 95-க்குத் தாவும். தட்கல் திறக்கும் காலை பத்து மணிக்கு முன்பதிவுக் கணினிகள் படும் பாடும் இதுதான்: சராசரி சுமைக்கும் உச்சச் சுமைக்கும் இடையில் உள்ள பள்ளம். அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கருக்களைக் கூட்டிக் குறைக்க ஒரு சேவை அனுமதிக்குமானால், அதுவே சொந்தக் கணினியால் ஒருபோதும் முடியாத அதன் உண்மையான சிறப்பு.

இணையம் போனால் என்ன செய்வது என்பது எல்லாரும் எழுப்பும் முதல் எதிர்ப்பு, நியாயமானதும்கூட. சாலையைத் தோண்டினால் ஃபைபர் அறும். ஆனால் இணையம் இல்லாத நாளில் இன்றைய அலுவலகத்தில் எதுதான் நடக்கிறது? இ-இன்வாய்ஸ், இ-வே பில், வங்கி, யுபிஐ எல்லாமே நின்றுபோகும். ஏற்கெனவே நம்பியிருக்கும் கம்பியை இன்னும் கொஞ்சம் நம்புகிறோம் என்பதே உண்மை. இரு வேறு நிறுவனங்களின் இணைப்புகள், அவையும் ஒரே கம்பத்தில் வராதபடி எடுத்தால் ஆபத்து பெருமளவு குறையும். கணக்கு வேலைக்குச் சில நூறு கிலோபிட் போதும் என்பதால் அவசரத்துக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட்டும் தாங்கும். இருந்தாலும் வாடிக்கையாளர் எதிரே நிற்கும் பில் கவுன்ட்டரை மெய்நிகர் கணினிக்கு மாற்ற நான் பரிந்துரைக்கமாட்டேன். உள் அறைக் கணக்கு பத்து நிமிடம் காத்திருக்கலாம், ஓணத்துக்கு முந்தின நாள் வாசலில் நிற்கும் வரிசை காத்திராது.

நம் பொருள் நம் கண்முன் இருப்பதே பாதுகாப்பு என்பது இரண்டாவது எதிர்ப்பு. பழவங்காடியே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தம்பானூரிலும் கிழக்கேகோட்டைப் பகுதியிலும் பெருமழைக்கு நீர் தேங்குவது வழக்கமாகிப்போய், 2015-இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி வடிகால்களைத் திறக்கவேண்டி வந்தது. 2019 மே மாதம் பழவங்காடியிலேயே ஒரு குடைக் கடை தீப்பிடித்து எரிந்தது. தரைத்தளத்தில் மேசைக்கடியில் இருக்கும் சர்வருக்கு வெள்ளமும் தீயும் தொலைவில் இல்லை. வைரஸும் அப்படியே: 2024 ஏப்ரல் இறுதியில் இதே நகரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு, கதிர்வீச்சுச் சிகிச்சையே தடைபட்டது. ஆனால் இதிலிருந்து கிளவுட் என்றால் அழியாது என்று முடிவுகட்டுவதும் பிழை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. தனியாக வேறு ஊரில் நகல் வைத்தவர்கள் தப்பினார்கள். கிளவுட்டில் இருப்பதே நகல் என்று நினைத்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாத வாடகைக்குள் நகல் அடங்குகிறதா, அடங்கினால் அது வேறொரு ஊரில் இருக்கிறதா என்பது எழுத்தில் கேட்கவேண்டிய கேள்வி.

மூன்றாவது எதிர்ப்புக்கு முழுப் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. வாடகை வீட்டின் சாவி உரிமையாளரிடமும் இருக்கும் என்பதே அது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளைத் தொடர்ந்து, குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. கட்டணம் கட்டியிருந்தும் தங்கள் மின்னஞ்சலையும் தரவையும் அணுக முடியாமல் அந்நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வாரத்துக்குச் சற்று மேல் கழித்துச் சேவை திரும்பியது. பழவங்காடிக் கணக்கர் மேல் யாரும் பன்னாட்டுத் தடை விதிக்கப்போவதில்லை. ஆனால் கிரெடிட் கார்டு காலாவதியாகி ஒரு தவணை தவறுவதும் அதே பூட்டைத்தான் மாட்டும். உரிமையாளரே மாறுவதும் உண்டு. இந்தத் துறையின் மூத்த நிறுவனமான சிட்ரிக்ஸ் 2022-இல் தனியார் முதலீட்டாளர் கைக்குப் போனது. அதே துறையின் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அதன் மெய்நிகர் கணினிப் பிரிவு அடுத்த ஆண்டே முதலீட்டு நிறுவனமான கேகேஆருக்கு விற்கப்பட்டு ஆம்னிசா என்ற புதுப் பெயரில் வந்தது. மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைவிட ஓராண்டு ஒப்பந்தம் தரும் சுதந்திரம் இப்போதைக்கு மதிப்பு மிக்கது.

நகல் வைக்கும் விஷயத்தில் சட்டமும் வாடகைக்காரருக்குச் சாதகமாகவே பேசுகிறது. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்தால், அதன் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் சேமிக்கப்படவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தை அழிக்கவியலாதபடி வைக்கும் மென்பொருளும் கட்டாயம். கூட்டு வணிகங்களும் தனி உரிமையாளர்களும் இந்த விதிக்குள் வரமாட்டார்கள், ஆனாலும் பின்பற்றத்தக்க பழக்கம். சிங்கப்பூரில் கொஞ்சம் மலிவு என்று அங்கே கணினி எடுப்பவர் தூரத்தின் வரியோடு இந்த விதியையும் சேர்த்துச் சுமக்கிறார். தினசரி நகலில் ஒன்றைச் சேவை நிறுவனத்தின் கைக்கு எட்டாத இடத்தில், வேண்டுமானால் ஆடிட்டர் வீட்டு அலமாரியில் ஒரு வெளிவட்டில் வைத்தால், பூட்டு விழுந்தாலும் டாலி வேறொரு கணினியில் அன்றே திறக்கும்.

ஆக, சோதனை ஓட்டம் எந்த வாரத்தில் என்பதும் தேர்வின் பகுதி. விற்பனையாளர் மாதத்தின் கடைசி வாரத்தில், தன் லேப்டாப்பில், தன் இணைப்பில் காட்டும் டெமோவில் எல்லாம் பறக்கும். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் உள்ளே வருமாறு இரண்டு வாரம் கேட்டு வாங்கி, அலுவலகத்திலேயே மிகப் பழைய கணினியில், மிக வேகமாக அடிக்கும் கணக்கரையும் மிக அதிகமாகக் குறை சொல்லும் ஊழியரையும் உட்காரவைத்து, மாலை ஐந்து மணிக்கு டோக்கனைச் செருகிக் கையொப்பமிட்டு, பில்லை அச்சிட்டுப் பார்க்கவேண்டும். சோதனையின் கடைசி நாளில் வெளியேறியும் பார்க்கவேண்டும்: தரவை எத்தனை மணி நேரத்தில் இறக்க முடிகிறது, எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று. 2024-இல் கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் முற்றாக வெளியேறுபவருக்குத் தரவு இறக்கும் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டன, ஆனால் இடைத்தரகர் வழியே வாங்கியவருக்கு அவருடைய ஒப்பந்தம்தான் பேசும். அந்த ஒப்பந்தத்தில், கணக்கை மூடிய பிறகு தரவு எத்தனை நாள் இருக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். விண்டோஸ் 365-இல் உரிமம் நீங்கியபின் கிடைக்கும் அவகாசம் 7 நாள். அமேசான் ஒர்க்ஸ்பேசஸில் கணினியை நீக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் ஒரு நாளும் இல்லை.